குளக்கட்டுப் பிள்ளையாரிடம் நான் கேட்ட ஒரு சொல்

பலகை சரிந்தபோது நான் பிள்ளையாரைக் கூப்பிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய கோயில் மலரில் அடியார்களின் அனுபவங்களை வாசிக்கும்போது, ஆபத்து வருகிற நொடியில் எல்லாரும் கடவுளின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நான் “தாச்சி! தாச்சி!” என்றுதான் கத்தினேன். என் தலையில் கொங்கிறீற் கலவை நிரப்பிச் சுமந்த இரும்புத் தாச்சி கீழே நிற்கிறவர்கள் மேல் விழுந்துவிடுமோ என்று பயம். தாச்சி ஒருவர் மேலும் விழவில்லை. நான்தான் போய் விழுந்தேன்.

போன வருடம் ஆவணி மாதம் நடந்தது இது. என் பெயர் பாக்கியம். தர்மபுரத்துக்கு உட்பக்கம், குளத்துக்குக் கீழே இருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து ஒரு பெட்டியோடு இங்கே வந்தவர்கள். நான் பிறந்தது இங்கேதான். வீடு இருக்கிற துண்டு மட்டும் எங்களுடையது. வயல் கிடையாது. என் கணவர் காலமான பிறகு, நானும் மகள் துளசியும்தான். துளசி அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

வயல் காலத்தில் வயலுக்குப் போவேன். மற்றக் காலத்தில் கட்டட வேலை. எங்கள் ஊர்க் கொந்தராத்துக்காரர் குணம் அண்ணையிடம் சில வருடங்களாகக் கையாளாக நின்றேன். மண் அரிப்பேன், சீமெந்து குழைப்பேன், கல் எடுத்துக் கொடுப்பேன், தாச்சி சுமப்பேன். சனிக்கிழமை பின்னேரம் சம்பளம் தருவார். நல்ல மனிதர். வெயில் ஏறினால், “பாக்கியம், நிழலிலை கொஞ்சம் இரு. சுவர் ஓடிப் போகாது” என்பார். அவருடைய இந்தச் சொல்லை நான் துளசிக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

அந்த ஆவணியில் அவர் எங்கள் ஊர் ரீச்சர் ஒருவருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அன்று மேலே கொங்கிறீற் தட்டுப் போடுகிற நாள். அந்த வேலையைத் தொடங்கினால் இடையில் நிறுத்த முடியாது. காய்வதற்குள் முழுவதையும் போட்டு முடிக்கவேண்டும். அதனால் வேலையாட்கள் போதாது, ஊரே வந்து கை கொடுக்கும். இங்கே அதைக் கைமாற்று என்போம். இன்றைக்கு நீ என் வேலைக்கு வா, நாளைக்கு நான் உன் வேலைக்கு வருகிறேன். கூலிப் பேச்சே இருக்காது. ரீச்சர் வீட்டில் பெரிய கிடாரத்தில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொதித்துக்கொண்டிருந்தன. ஆட்டமும் பாட்டும் பகிடியுமாக ஒரே கலகலப்பு.

மேலே ஏறுவதற்குத் தடிகளைக் கட்டி, அவற்றின் மேல் சரிவாகப் பலகை போட்டிருந்தார்கள். காலையிலிருந்து எத்தனையோ பேர் ஏறி இறங்கிய பலகை. மத்தியானச் சோற்றுக்குக் கொஞ்சம் முன்னால், நான் ஏறும்போது ஒரு கட்டு அவிழ்ந்தது. பலகை பக்கவாட்டில் திரும்பியது. அதற்குப் பிறகு வானம் தெரிந்தது, மண் தெரிந்தது. பிறகு குணம் அண்ணையின் முகம்.

அவர்தான் என்னைத் தூக்கினார். தன்னுடைய ஓட்டோவில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. உள்ளே தகடு வைத்து ஆணி அடித்தார்கள். “சுவருக்கு வேலை செய்தவளுக்கு இப்ப சுவர் மாதிரி வேலை நடக்குது” என்று நான் சொல்ல, காலில் கட்டுப் போட்ட தாதிப் பிள்ளை சிரித்தாள். அவள் சொன்ன ஒரு சொல்லை நான் இன்னும் வைத்திருக்கிறேன். “அம்மா, எலும்பு பொறுமையான பிள்ளை. அதை அவசரப்படுத்தாதேங்கோ. தன்ர பாட்டிலை வளரும்.”

எலும்புக்குப் பொறுமை இருந்தது. எனக்குத்தான் இல்லை. பல மாதம் காலை ஊன்றக்கூடாது என்றார்கள். அதற்குப் பிறகும் பாரம் தூக்க முடியாமல் போகலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தேன். பாரம் தூக்காமல் எனக்கு என்ன வேலை தெரியும்? என் உடம்புதான் என் வயல், என் கடை, எல்லாம். கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு நாள் துளசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, காமென்ற்சிலை உடுப்புத் தைக்க ஆள் எடுக்கினமாம். விடிய எங்கட சந்தியிலையே பஸ் வருமாம்.”

“சோதினை?”

“சோதினை எங்கையும் ஓடிப்போகாது. சுவர் மாதிரி அதுவும் நிக்கும்.”

குணம் அண்ணையின் சொல்லை எனக்கே திருப்பிச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

முதல் வாரங்களில் குணம் அண்ணை அடிக்கடி வந்தார். தோடம்பழம் கொண்டுவருவார், பால்மாப் பெட்டி கொண்டுவருவார். பிறகு வரவு குறைந்தது. பிறகு நின்றது. ஒரு பின்னேரம் வந்தவர், உள்ளே வராமல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசலில் கதிரையில் இருந்தேன்.

“உள்ளுக்கு வாங்கோ அண்ணை.”

“இல்லைப் பாக்கியம். அவசரமாப் போறன்.” கொஞ்ச நேரம் படலையின் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார். “ஆக்கள் பலதும் கதைக்கினம். கொந்தராத்துக்காரன்தான் பொறுப்பு, அது இது எண்டு. உனக்குத் தெரியும்தானே. அண்டைக்கு எல்லாரும் கைமாத்துக்குத்தானே வந்தது. சம்பளத்துக்கு வந்த நாள் இல்லையே அது.”

“ஓம் அண்ணை” என்றேன்.

அவர் போய்விட்டார். துளசி குசினிக்குள் இருந்து வெளியே வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

“ஏனம்மா ஓம் எண்டனீங்கள்?”

“வேற என்னத்தைச் சொல்லுறது? அண்டைக்கு ஒருத்தரும் கூலி வாங்கேல்லை. கைமாத்துக்குப் போன இடத்திலை விழுந்திட்டு, காசு தா எண்டு கேக்கேலுமோ? ஊர் சிரிக்கும்.”

இதை நான் மனதாரத்தான் சொன்னேன். எனக்கு உண்மையில் அப்படித்தான் பட்டது. இந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கைமாற்று நாளில் கணக்குப் பார்க்கக்கூடாது. அது எங்களுக்கு ஒரு மரியாதை.

ஆனால் அவர் போன பிறகு நெஞ்சுக்குள் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. காசு வராதே என்பதுகூட இல்லை. இத்தனை வருடம் அவர் சொன்ன சுவருக்கெல்லாம் கல் கொடுத்தேன். இப்போது நான் யாரோ வழியில் வந்து கை கொடுத்துவிட்டுப் போனவள் ஆகிவிட்டேன். அந்தச் சுவர்களின் கலவையில் என் கை இல்லாததுபோல. என்னை யாருடைய ஆள் என்று சொல்வது?

கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தால், தென்னைகளுக்கு நடுவே குளக்கட்டு தெரியும். மருதமரம் தெரியும். மரத்தடியில் நம்முடைய பிள்ளையார். அவரைப் பார்க்க முடியாது, ஆனால் அவருக்கு வைக்கிற விளக்கு தெரியும். அன்று பின்னேரம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு பேசினேன். மந்திரம் தெரியாது. வாயால் கதைத்தேன்.

“அப்பனே, என்ர காலை நீ பாத்துக்கொள்ளுவாய். டாக்குத்தரும் இருக்கினம். அதை நான் கேக்கேல்லை. குணம் அண்ணைக்குக் கெடுதி வரவும் கேக்கேல்லை. அந்த மனுசன்ர வாயாலை ஒரு சொல்லு வரவேணும். ‘பாக்கியம் என்ர ஆள்தான்’ எண்டு. அவ்வளவுதான். நீ வரப்பண்ணினால், நான் கால் ஊண்டின உடனை உன்ர மடைப்பள்ளி நிலத்துக்குச் சீமெந்து குழைப்பன். வேற என்ன தர என்னட்டை இருக்கு?”

நம்முடைய மடைப்பள்ளி நிலம் அப்போது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பொங்கல் பானை வைத்தால் ஒரு பக்கம் சாயும். பிள்ளையாருக்கும் அது பிடிக்காமல்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து துளசி காலையில் பள்ளிக்கூடம் போகும்போது குளக்கட்டில் அறுகம்புல் பிடுங்கி அவர் காலடியில் வைத்துவிட்டுப் போவாள். வந்து சொல்வாள், “வச்சிட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்லை” என்று. “அவருக்குப் பெரிய காது. முதலிலை கேக்கட்டும்” என்பேன்.

கொஞ்ச நாள் கழித்துத் தங்கம்மாக்கா வந்தா. எங்கள் பக்கத்தில் நல்ல வயல்காரி அவா. குடியேற்றத்துக்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பம். வாய் பெரிது, மனதும் பெரிது. நாட்டரிசி ஒரு பை கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்தா. நான் குணம் அண்ணை சொன்னதைச் சொன்னேன். அவா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டா.

“என்ன சொன்னவன்?”

“கைமாத்து எண்டு.”

“கைமாத்தோ!” அவா சத்தமாகச் சிரித்தா. “எடியே, உனக்கு ஆரடி கைமாத்து? கைமாத்து எண்டால் திருப்பிச் செய்யவேணும். குணம் எப்ப வந்து உன்ர வயலிலை நாத்து நடப் போறான்? ரீச்சர் எப்ப வந்து உன்ர மாடி வீட்டுக்குத் தாச்சி தூக்கப் போறா?”

“எனக்கு வயல் எங்கை அக்கா, மாடி எங்கை?”

“அதைத்தானே சொல்லுறன். நான் அண்டைக்கு என்ர மூத்தவனை அனுப்பினனான். ஏன்? போன வருசம் என்ர வீட்டுக்குத் தட்டுப் போடேக்கை ரீச்சரின்ர தம்பி வந்தவன். அது கைமாத்து. நீ ஆரின்ர கடனைத் திருப்பப் போனனி? குணம் போன் எடுத்து என்ன சொன்னவன் உனக்கு?”

“விடியவே வா, கலவைப் பக்கம் உன்ர கை வேணும் எண்டவர்.”

“பிறகு? அது வேலைக்காரிக்குச் சொல்லுற கதை. நீ எத்தினை வருசமா என்ர வயலுக்கு வாறாய். நான் உனக்குக் கைமாத்துக்கு ஒரு நாள் எண்டாலும் வந்தனானோ? கூலிதானே…”

பாதியில் நிறுத்திவிட்டா. வெற்றிலையை மடித்தா. மீண்டும் விரித்தா.

“ஒரு நாளும் வரேல்லை என்ன” என்றா மெதுவாக.

“அதுக்கென்ன அக்கா. எனக்கு வயல் இருந்தால் வந்திருப்பியள்.”

அவா எழுந்தா. “நாளைக்கு ஓட்டோ பிடிக்கிறன். கிளிநொச்சியிலை அரசாங்கத் தொழில் கந்தோர் இருக்கு. என்ர மருமகன் வேலை செய்யிற இடத்திலை ஒருத்தருக்குக் கை போன நேரம் அங்கைதான் போனவை. சண்டைக்குப் போகேல்லை. கேக்கப் போறம்.”

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஒன்று யோசித்தேன். நான் பிள்ளையாரிடம் கேட்டது ஒரு சொல். முதல் சொல் தங்கம்மாக்காவின் வாயால் வந்திருக்கிறதோ என்று.

பரந்தன் சந்தி வரைக்கும் ஓட்டோ குலுக்கிய குலுக்கில் தகட்டில் உள்ள ஆணிகளை எல்லாம் நானே எண்ணியிருப்பேன். கந்தோரில் இருந்தது ஓர் இளம் பெண் அதிகாரி. எங்களை இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தா. நான் “எனக்கு வேலைக் கடிதம் ஒண்டும் இல்லை மிஸ்” என்று தொடங்கினேன். அவா கையை மெதுவாக உயர்த்தினா.

“கடிதத்தை விடுங்கோ அம்மா. உங்களை வேலைக்குக் கூப்பிட்டது ஆர்?”

“குணம் அண்ணை.”

“என்ன செய், எப்பிடிச் செய் எண்டு சொல்லுறது?”

“அவர்தான்.”

“மண்வெட்டி, தாச்சி, பலகை எல்லாம் ஆரின்ர?”

“குணம் அண்ணையின்ரைதான்.”

“சனிக்கிழமை சம்பளம் தாறது?”

“அவர்தான் மிஸ். ஆனா அண்டைக்கு மட்டும்…”

“அண்டைக்கு ஆக்கள் சும்மா வந்ததாலை நீங்கள் சும்மா வந்தவா ஆகமாட்டியள்.” பிறகு அவா எனக்கு விளங்கும்படி சொன்னா. வேலையிலே, வேலை காரணமாக ஒருவருக்குக் காயம் வந்தால், வேலை கொடுத்தவர்தான் பொறுப்பு. கடிதம் இல்லாவிட்டாலும், நாட்கூலி என்றாலும். அவர் வேண்டுமென்று செய்தாரா என்பது கேள்வியே அல்ல. “அவர் நல்ல ஆளா கெட்ட ஆளா எண்டு சட்டம் கேக்காது. கட்டு அவிழாமல் இருக்கவேண்டிய இடம் ஆரின்ர இடம் எண்டுதான் கேக்கும். அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறன். நீங்களும் வாங்கோ.”

நல்ல ஆள் பொறுப்பேற்க வேண்டும் என்றால் அவர் கெட்ட ஆளாக வேண்டியதில்லை. இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு இலேசானது. நான் குணம் அண்ணைக்கு எதிராகப் போகிறேன் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

விசாரணை நாள் வந்தது. துளசி பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அறுகம்புல்லை வைத்துவிட்டு வந்து, “இண்டைக்கு இரண்டு கட்டு வச்சனான்” என்றாள். நான், தங்கம்மாக்கா, துளசி மூவரும் போனோம்.

குணம் அண்ணை ஏற்கெனவே வந்து இருந்தார். வெள்ளைச் சேட் போட்டிருந்தார். அவரை நான் வெள்ளைச் சேட்டில் பார்த்ததே கோயிலில்தான். என்னைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். நான் “சுகமே அண்ணை” என்றேன். “ஓம்” என்றார்.

அதிகாரி கேட்டா. அவர் தான் யோசித்து வைத்ததைச் சொன்னார். அன்று ஊர் முழுக்கக் கைமாற்றுக்கு வந்தது, பாக்கியமும் அப்படித்தான் வந்தா, தான் ஒருவருக்கும் கூலி பேசவில்லை. குரல் தடுமாறியது. பொய் சொல்கிறவர்போலவும் இல்லை. தானே அதை நம்பப் பார்க்கிறவர்போல இருந்தது.

அதிகாரி தலையை ஆட்டினா. “சரி. எங்கட வீடும் வயல்தான். கைமாத்துத் தெரியும். கைமாத்துக்கு வந்தவாவுக்கு நீங்கள் திருப்பி எந்த வேலைக்குப் போவியள்?”

குணம் அண்ணை சேட்டுப் பொத்தானைத் திருகினார்.

“அவாவுக்கு நாத்து நட வயல் இருக்கோ?”

“இல்லை.”

“வீடு கட்டப் போறாவோ?”

“இல்லை மிஸ்.”

“அப்ப…” என்று தொடங்கிய தங்கம்மாக்காவை அதிகாரி ஒரு பார்வையால் இருத்திவிட்டா. “அக்கா, உங்களை நான் பிறகு கேப்பன்.” தங்கம்மாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. அவாவை வாயடக்க வைத்த ஒரே ஆள் அந்த அதிகாரிப் பிள்ளைதான்.

எனக்குக் கால் விறைத்துவிட்டது. கொஞ்சம் எழுந்து நிற்கலாம் என்று ஊன்றுகோலை நிலத்தில் வைத்தேன். மினுக்கிய நிலம். கோல் வழுக்கியது.

“பாக்கியம்! காலைப் பாத்து வை!”

குணம் அண்ணை. அது வெள்ளைச் சேட்டுக் குரல் இல்லை. கட்டடத்தில், மேலே நின்றுகொண்டு கீழே எங்களுக்குக் கத்துகிற குரல். அதைக் கேட்டால் என் கை தானாக நின்றுவிடும். அன்றும் நின்றது. அதற்குள் அவர் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துவிட்டார். ஊன்றுகோலை எடுத்துத் துடைத்து என் கையில் தந்தார். பிறகு அப்படியே நின்றார். கதிரைக்குத் திரும்பிப் போகவில்லை.

“மிஸ்” என்றார். “இவ என்ர ஆள்தான்.”

அதிகாரி பேனாவை எடுத்தா.

“என்ர ஆக்களிலை நல்ல ஆள். விழேக்கையும் கீழை நிண்டவைக்குத்தான் கத்தினவா. நான் பயந்திட்டன் மிஸ். இனி ஒருத்தரும் எனக்கு வேலை தரமாட்டினம் எண்டு. நான் கட்டின கட்டுத்தான் அவிழ்ந்தது.”

நான் அழுதேன். துளசி அழுதாள். தங்கம்மாக்கா “பிள்ளையாரே” என்றா. நான் கேட்டது ஒரு சொல். எனக்குக் கிடைத்தது அதைவிடக் கூட. ‘நல்ல ஆள்’ என்று நான் கேட்கவே இல்லை. அந்த ஊன்றுகோலை யார் தட்டிவிட்டது என்று நான் ஆராயப்போவதில்லை. நிலம் மினுக்கியிருந்தது என்று துளசி சொல்வாள். மினுக்கட்டும். அந்த நிலத்தையும் பிள்ளையார்தான் பார்த்து வைத்திருப்பார்.

பிறகு நடந்ததெல்லாம் கந்தோர் வேலை. மெதுவாக நடந்தது, ஆனால் நடந்தது. நான் வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கும், கால் இனிப் பழையபடி ஆகாததற்கும் சட்டப்படி என்ன வரவேண்டுமோ அது தவணையாக வந்தது. குணம் அண்ணை ஒரு தவணையும் தவறவில்லை. துளசி காமென்ற்ஸ் பஸ்ஸைத் தினமும் பார்த்தாள், அதில் ஏறவில்லை. சோதினை எழுதினாள்.

குணம் அண்ணை தனக்கு வேலை தரமாட்டார்கள் என்று பயந்தாரே, அது நடக்கவில்லை. “குணத்தின்ர இடத்திலை விழுந்தால் குணம் பாப்பான்” என்று ஊர் சொல்லத் தொடங்கியது. இப்போது அவருடைய வேலைத்தளத்தில் ஏறுபலகைக்கு இரட்டைக் கட்டு. காலையில் ஒருமுறை, சோற்றுக்குப் பிறகு ஒருமுறை, தானே ஏறிக் குதித்துப் பார்ப்பார். எல்லாருக்கும் தலையில் பாதுகாப்புத் தொப்பி. தன் ஆட்களுக்குக் காப்புறுதியும் எடுத்திருக்கிறார். தொப்பி போடாமல் வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியபோது அவர் சொன்னாராம், “தொப்பி சூடு எண்டால் தலையை வீட்டிலை வச்சிட்டு வா” என்று.

என் கால் கொஞ்சம் கட்டை. நடக்கும்போது சாய்ந்து சாய்ந்து நடப்பேன். தாச்சி இனிச் சுமக்க முடியாது. குணம் அண்ணையின் தளத்தில் மண் அரிப்பது, தண்ணீர் அளப்பது, சாமான் பார்ப்பது என்று இருந்து செய்கிற வேலை செய்கிறேன். ஊன்றுகோலை இந்த வருடம் பங்குனியில் விட்டேன்.

விட்ட உடனே பிள்ளையாரின் கடன் ஞாபகம் வந்தது. மடைப்பள்ளி நிலம். நான் குணம் அண்ணையிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீமெந்தும் சல்லியும் கொண்டுவந்து குளக்கட்டில் இறக்கினார். ரீச்சர் வந்தா. தங்கம்மாக்கா தன் மூத்தவனோடு வந்தா, தானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றா. நீங்களும் பலர் வந்தீர்கள். தொடங்குவதற்கு முன்னால் குணம் அண்ணை மருதமரத்தடியில் நின்று, பிள்ளையாருக்கும் எங்களுக்கும் சேர்த்துச் சொன்னார்.

“இண்டைக்குக் கைமாத்து. சம்பளம் இல்லை. ஆனா ஆருக்கும் ஒரு கீறல் பட்டாலும் நான்தான் பொறுப்பு. கேட்டுதோ?”

“பிள்ளையாருக்குப் பட்டால்?” என்று தங்கம்மாக்கா கேட்டா.

“அவருக்கும் நான்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் குந்தி இருந்து கலவையைக் குழைத்தேன். குழைக்கும்போது அக்கா சொன்னது மனதில் வந்தது. உனக்கு ஆரடி கைமாத்து என்று கேட்டாவே. அது உண்மைதான். இத்தனை வருடம் இந்த ஊரில் யாரோடும் எனக்குக் கைமாற்று இருந்ததில்லை. திருப்பிச் செய்வதற்கு ஒருவரும் என்னிடம் வரத் தேவை இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. என் வேலைக்குப் பிள்ளையார் வந்தார். அவருடைய வேலைக்கு நான் போனேன். அன்று முழுக்க என் கால் நோகவே இல்லை என்று சொன்னால் பொய். நொந்தது. ஆனால் ஒரு கடனைத் திருப்புகிறவளின் நோவு அது. அதற்கு ஒரு சுகம் உண்டு.

வேலை முடிந்து கை கழுவும்போது தங்கம்மாக்கா என் பக்கத்தில் வந்தா. “பாக்கியம், உன்ர பின் வேலி சரிஞ்சு கிடக்கு. வாற ஞாயிறு நானும் மூத்தவனும் வாறம்” என்றா. “கூலிக்கு இல்லையடி” என்றா பிறகு.

வந்தா. வேலி இப்போது நேராக நிற்கிறது.

இதை வாசிக்கிற அடியார்களே, கட்டடத்திலோ வயலிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்கிறவர்கள், அவர்களுக்காக வீட்டில் காத்திருக்கிறவர்கள், உங்களுக்கு ஒரு காயம் வந்தால் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடக்காதீர்கள். பிள்ளையாரிடம் சொல்லுங்கள். தொழில் கந்தோரிலும் சொல்லுங்கள். ஒன்று சொன்னால் மற்றது தேவையில்லை என்று நினைக்காதீர்கள். அவர் பலருடைய வாயால் பேசுகிறவர். எனக்கு ஒரு வயல்காரியின் வாயாலும், ஓர் அதிகாரியின் வாயாலும், கடைசியில் நான் கேட்ட மனிதரின் வாயாலும் பேசினார்.

வரும் பொங்கலுக்கு மடைப்பள்ளிக்குள் வந்து பாருங்கள். பானை இப்போது சாயாது.